அரைப் பாயிண்ட்

ஜவ்வரிசி ஆலைக்காரனிடம் கிழங்கு விலை என்ன என்று கேட்டால் டன் இத்தனை ரூபாய் என்று சொல்லமாட்டான். பாயிண்டுக்கு இத்தனை என்பான். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறதோ அதுதான் பாயிண்ட். 5 கிலோ கிழங்கைக் கம்பிக் கூடையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு, கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் முழுக்க அமிழ்த்த வேண்டும். மாவு பிடித்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனத்து நிற்கும். நீர் கோத்த கிழங்கு மிதக்கப் பார்க்கும். தண்ணீருக்குள் காட்டுகிற எடையை அட்டவணையில் வைத்துப் பார்த்தால் 24, 26, 28 என்று பாயிண்ட் கிடைத்துவிடும். பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வையுங்கள். 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய். அதில் அரைப் பாயிண்ட் இறங்கினால் டன்னுக்கு 150 போயிற்று. பத்து டன் லோடுக்கு 1,500.

சின்னசேலம் பக்கம் அப்பா போட்ட ஆலை எங்களுடையது. நான் கல்லாவில் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பருவத்தில் நாளொன்றுக்கு 40 டன் கிழங்கு அரைப்போம். பாதி, கீழ்நாட்டுக் கிழங்கு. மீதி கல்வராயன் மலையிலிருந்து வெள்ளிமலை, கச்சிராயபாளையம் வழியாக இறங்கும். மலைக் கிழங்குக்கு எங்கள் ஆலையில் எப்போதும் பாயிண்ட் குறைவாகவே வரும். ‘மலை மண்ணு அப்படி’ என்று அப்பா சொல்வார். நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம், மகனோடு லாரியில் வந்த மலையாளிப் பழங்குடி ஆயா ஒருத்தி பாயிண்ட் பார்க்கிற தொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து லோடு லோடாகக் கிழங்கு முங்கி எழுந்த தண்ணீர். காப்பி மாதிரி இருந்தது.

“ஏஞ்சாமி, சேத்துத் தண்ணியில போட்டா கெழங்கு மெதக்காதா?”

பாயிண்ட் பார்க்கிற பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கேள்வி தொண்டையில் நின்றது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். எழுந்து ஆலைக்குப் போய் அதே கூடை, அதே கிழங்கை வைத்து, ஒரு முறை அந்தத் தொட்டியிலும் ஒரு முறை புதுத் தண்ணீரிலும் பார்த்தேன். அரைப் பாயிண்டுக்கு மேலேயே வித்தியாசம். தொட்டித் தண்ணீரைக் காலையில் ஒரு தரம்தான் மாற்றுவோம். கீழ்நாட்டு வண்டிகள் காலையிலேயே வந்துவிடும். மலை வண்டி வளைவுகள் இறங்கி வந்து சேர மத்தியானம் தாண்டும். மலை மண் அப்படி என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் தொட்டியில் கிடந்த மண்.

எத்தனை வருஷம், எத்தனை லோடு என்று கணக்குப் போட ஒரு தாளை எடுத்தேன். பாதியில் மடித்து வைத்துவிட்டேன். இன்றுவரை முழுசாகப் போடவில்லை.

இப்போதெல்லாம் தொழிலை இயற்கைக்கு ஏற்றபடி மாற்றுவது பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் போனால் இந்தத் தொட்டித் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். மேடையில் இருப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. சோலார், கார்பன் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எங்கள் ஆலையில் நடந்த மாற்றம் எல்லாமே, அதுவரை எடை போடாத ஒன்றைத் தராசில் வைத்த அன்றைக்குத்தான் தொடங்கியது.

இந்தத் தொழிலே ஒரு தட்டுப்பாட்டில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மாவு வரத்து முடங்கிக் கிடந்த 1943இல், சேலத்தில் கருவாட்டு வியாபாரம் செய்த மாணிக்கம் செட்டியாரும், மலேயாவின் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளியில் மாவும் ஜவ்வரிசியும் எடுக்க ஆரம்பித்தார்கள். செட்டியார் வியாபாரத்துக்காகக் கேரளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். அங்கே மரவள்ளி மாவைப் பார்த்திருந்தார். ஷாவுக்குச் செய்முறை தெரியும். கையால் அரைத்து, துணியில் வடிகட்டி, ஈரமாவைத் தொங்குகிற சாக்குத் தொட்டிலில் போட்டு ஆட்டி மணியாக்கி, சட்டியில் வறுத்த காலம் அது. அங்கிருந்து ஆத்தூர், தலைவாசல் என்று பரவி எங்கள் ஊர்வரை வந்தது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகுதான் ஆலைக்காரனுக்குச் சரக்கைக் கொண்டுபோய் வைக்க ஒரு கிடங்கும், நாலு வியாபாரி ஒரே இடத்தில் விலை கேட்கிற ஏலமும் கிடைத்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் வந்தாயிற்று.

ஆனால் ஜவ்வரிசியை அதிகம் தின்பது நாம் இல்லை. நமக்குப் பாயசம், வடகம், அவ்வளவுதான். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏகாதசி, நவராத்திரி விரதம் என்றால் சாபுதானா கிச்சடி இல்லாமல் முடியாது. 90 கிலோ மூட்டைகளில் வடக்கே போகிற சரக்கு இது. அந்த வியாபாரி மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், வெள்ளை. விரதச் சாப்பாடு வெள்ளையாக இருக்க வேண்டும். மூட்டைக்கு ஐம்பது, நூறு என்று விலை ஏறுவதும் இறங்குவதும் அந்த வெள்ளையில்தான்.

மரவள்ளி மாவு இயல்பிலேயே வெள்ளை. அதைக் கெடுப்பது நாங்கள். கிழங்கைப் பிடுங்கி ஒரு நாளைக்குள் அரைத்துவிட்டால் பால் மாதிரி மாவு வரும். இரண்டாம் நாள் கிழங்கின் உள்ளே நரம்பு நரம்பாக நீலம் பாயும். மூன்றாம் நாள் பழுப்பு. ஆலை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்பதை ஒரு காலத்தில் நாங்கள் பெருமையாக நினைத்தோம். ‘எங்கே நின்றுவிடப் போகிறான்’ என்று விட்டுவிடுவோம். மலை வண்டி இரண்டு ராத்திரிகூட நிற்கும். அப்புறம் மேல்தோலைச் சரியாக உரிக்காமல் அரைத்தால் கொஞ்சம் கூடுதலாக மாவு கிடைக்கும் என்று ஒரு பேராசை. அரைத்த பாலைச் சிமெண்டுத் தொட்டியில் விட்டு ராத்திரி முழுக்க வண்டல் படிய விடுவோம். அங்கே அது புளிக்கும். இத்தனையும் செய்து நிறத்தைக் கெடுத்துவிட்டு, பிறகு அமிலமும் பிளீச்சிங் பவுடரும் போட்டு வெளுப்போம். துணிக்குப் போடும் வெண்மையூட்டியை ஜவ்வரிசிக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். நான் அது போடவில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கொன்றும் கௌரவம் இல்லை. மற்றது எல்லாம் போட்டேன்.

அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? ஓடைக்கு.

ஒரு டன் கிழங்குக்கு 5,000 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் 40 டன்னுக்கு 2 லட்சம் லிட்டர். அதில் கரைந்த மாவு, புளித்த பால், தோலிலிருந்து இறங்குகிற சயனைடு, மேலே நாங்கள் போட்ட அமிலம். மரவள்ளி இலையை வயிறு முட்டத் தின்ற ஆடு செத்துப்போகும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்த நஞ்சுதான் கழுவுகிற தண்ணீரிலும் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆலை ஓடுகிற மாசங்களில் நாற்றத்தை வைத்தே பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஊர் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஓடைக்கு அந்தப்பக்கம் ஒருவருக்கு இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும். அப்பாவுக்குச் சிநேகிதர். நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் குவார்ட்டர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் வந்து மேஜைமேல் வைத்தார். “தம்பி, ஒரு மொடக்கு குடி” என்றார். நான் குடிக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் அது மேஜைமேலேயே இருந்தது. வந்த வியாபாரி ஒருத்தர் சரக்கு என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு.

பிறகு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் நியாயமானது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்திருந்தது. சரக்கின் மாதிரி எடுக்கிற அதிகாரிகள் சேலம் பக்கம் ஆலை ஆலையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து நான் மாறவில்லை. மூன்று பக்கமும் கதவு சாத்தினார்கள், நாலாவது கதவைத் தள்ளிப் பார்த்தேன்.

நாலாவது கதவைக் காட்டியது விறகுக் கணக்கு. ஈரமணியைச் சூடான தட்டில் வறுக்க வேண்டும். நைலான் ஜவ்வரிசிக்கு ஆவி வேண்டும். அடுப்புக்கு வேலிக்காத்தானும் பழைய புளியமரமும் லாரியில் வந்து இறங்கும். எங்கிருந்து வெட்டினான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு வருஷத்து விறகுச் செலவையும் மருந்துச் செலவையும் கூட்டிப் பார்த்தால், எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றை நடத்திவிடலாம். தாய்லாந்தில் நகோன் ராட்சசிமா பக்கம் ஒரு பெரிய மரவள்ளி மாவு ஆலை, 2003இலேயே கழிவுநீரை மூடிய குளத்தில் தேக்கி எரிவாயு எடுத்து, உலை எண்ணெயை விட்டுவிட்டது என்று ஒரு பொறியாளர் என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். என் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 5 கிராம் அளவுக்கு மக்கக்கூடிய சரக்கு இருக்கிறது. 2 லட்சம் லிட்டரில் 1,000 கிலோ. அதில் 800 கிலோவை நுண்ணுயிர் தின்றால், கிலோவுக்கு 0.35 கன மீட்டர் வீதம் 280 கன மீட்டர் மீத்தேன். அதோடு கலந்து வருகிற கரியமில வாயுவையும் சேர்த்தால் 400 கன மீட்டருக்கு மேலே எரிவாயு. ஒரு கன மீட்டர் வாயு மூன்றரைக் கிலோ விறகுக்குச் சமம். ஒன்றரை டன் விறகை நான் தினம் ஓடையில் விட்டுக்கொண்டிருந்தேன், அதற்கு நோட்டீசும் வாங்கிக்கொண்டு.

வங்கியில் கடன் கேட்டால், “கழிவுக்கா சார்?” என்றார் மேலாளர். நிலத்துப் பத்திரத்தை வைத்த பிறகு கழிவு அவருக்கு நாறவில்லை.

எரிவாயுக் கலனைக் கட்டி, பத்து லாரி சாணியைக் கரைத்து விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டோம். ஆறு வாரம் ஆனது. முதலில் வந்த வாயு அழுகின முட்டை நாற்றம். இரும்புத் துருவல் நிரப்பின குழாய் வழியாக விட்ட பிறகு அடங்கியது. முதல் நாள் அடுப்பைப் பற்றவைத்ததும் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, பட்டப்பகலில் அந்த நீலம் கண்ணுக்குப் படாது. வறுக்கிற அண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். பட்டென்று கருகியது. “மொதலாளி, பேய் எரியுது” என்றார். அந்தப் பேயை நம்பி விறகு லாரியை நிறுத்தச் சொன்னேன். அது தப்பு. தீபாவளிக்கு நாலு நாள் ஆலையை நிறுத்திவிட்டு, திறந்த அன்றைக்கே முழுத் தண்ணீரையும் கலனுக்குள் விட்டுவிட்டோம். பட்டினி கிடந்தவனுக்குக் கல்யாண விருந்து போட்ட மாதிரி. உள்ளே புளித்துப்போய் நுண்ணுயிர் எல்லாம் செத்தது. சுண்ணாம்பு போட்டு, மறுபடி சாணி கரைத்து, இன்னொரு ஒன்றரை மாசம். அந்த வருஷம் விறகு இரட்டை விலை.

இப்போது ஆலை ஓடாத மாசங்களில் கலனுக்குத் திப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உயிரோடு வைக்கிறோம். திப்பி என்பது பாலை வடித்த பிறகு நிற்கிற நார்ச்சக்கை. முன்பு காய்ந்ததை மாட்டுத் தீவனத்துக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவோம். ஈரமாகத் தேங்கி அழுகுவது பாதி. அதையும் எடை போட ஆரம்பித்ததும் விலை பேசத் தெரிந்துவிட்டது. கலனிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் கருப்பாக இருக்கும், நாற்றம் இல்லை. அடுத்தடுத்த தொட்டிகளில் தெளிய விட்டு எங்கள் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சுகிறோம். பெரியப்பா கிணறு தெளிய நாலு மழைக்காலம் பிடித்தது. அதற்குள் அவர் போய்விட்டார்.

வெள்ளைக்கு வருகிறேன். அமிலத்தை நிறுத்த வேண்டும் என்றால் கிழங்கு பிடுங்கின மறுநாளைக்குள் அரைபட வேண்டும். அதற்கு வாசலில் வண்டி நிற்கக் கூடாது. வண்டி நிற்காமல் இருக்க எவனெவன் எப்போது கிழங்கு பிடுங்குகிறான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். டோக்கன் போட்டோம். செல்போனில் தேதி சொல்லி, அன்றைக்குப் பிடுங்கினால் போதும் என்றோம். வண்டலுக்கு ராத்திரி முழுக்க விடாமல், சுழற்றிப் பிரிக்கிற இயந்திரம் வைத்தோம். தோல் உரிக்க ஒரு உருளை. வந்த மாவு பாலாக இருந்தது. ஆனால் அமிலத்தில் முக்கின வெள்ளை இல்லை. அதில் ஒரு துளி தந்த நிறம் இருக்கும். வடக்கத்தி வியாபாரி உள்ளங்கையில் பரப்பி, “தோடா பீலா ஹை”, கொஞ்சம் மஞ்சள் என்று தலையை ஆட்டினார். இரண்டு வருஷம் மூட்டைக்கு நாற்பது, ஐம்பது குறைத்துதான் விற்றேன். அமிலம் வாங்காத காசு அதை ஈடுகட்டியது, பாதிதான். மீதியை விறகு ஈடுகட்டியது. மூன்றையும் ஒரே நோட்டில் எழுதாதவன் முதல் வருஷத்திலேயே பழைய வழிக்குத் திரும்பியிருப்பான். திரும்பினவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். வாங்குகிறவன் வெள்ளைக்குக் காசு கொடுக்கிறவரை, விற்கிறவனுக்கு மட்டும் பாடம் நடத்துவது ஓர வஞ்சனை.

மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டமான கள்ளக்குறிச்சி என்றால் இப்போது வெளியூர்க்காரருக்கு 2024 ஜூன்தான் ஞாபகம் வருகிறது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றி வழக்கு எடுத்து, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டது. அந்த மலையில் 1976வரை ஜாகிர்தார் ஆட்சி. குடிமக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் வேலை செய்ததைச் சொல்லுகிற கிழவர்களிடம் நானே கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு மலைக்குப் போன கீழ்நாட்டு வியாபாரிகளில் என்னைப் போன்றவர்களும் உண்டு. சாமையும் கேழ்வரகும் போட்ட சரிவில் மரவள்ளிக் கரணை ஊன்றச் சொன்னதே நாங்கள்தான். ஊன்றும்போது முன்பணம் கொடுப்போம், பத்து மாசம் கழித்து எங்கள் தொட்டியில் எங்கள் பாயிண்டுக்கு அளப்போம். நேராகச் சொன்னால், ஜாகிர் போய்த் தராசு வந்தது.

தொட்டித் தண்ணீர் சங்கதி தெரிந்த பிறகு எனக்கு வேகம் வந்துவிட்டது. இடையில் இருக்கிற ஏஜெண்டை நீக்கிவிட்டு நேராக விவசாயியிடம் வாங்குவேன் என்று வெள்ளிமலைக்கே போய்ச் சொன்னேன். டன்னுக்கு இவ்வளவு கூடக் கிடைக்கும் என்று கணக்கும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் பருவத்தில் ஏழே ஏழு லோடு வந்தது. ஏன் என்று கேட்டபோது ஒருத்தர் பொறுமையாக விளக்கினார். ஏஜெண்ட் கமிஷன் அடிக்கிறவன்தான். ஆனால் ராத்திரி பிரசவ வலி என்றால் அவன் வண்டிதான் கீழே இறங்கும். கடைசி மாசம் அரிசி தீர்ந்தால் அவன்தான் மூட்டை கொடுப்பான். சாவுக்கு வருவான். “நீங்க போன் நம்பர் குடுத்தீங்க, எங்களுக்கு அங்க டவரே இல்லீங்களே” என்றார். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

அந்த ஏஜெண்டையே கூப்பிட்டுப் பேசினேன். டன்னுக்கு இவ்வளவு என்று அவனுக்கு ஆலையே கூலி கொடுக்கும், விவசாயி பணத்தில் கை வைக்கக் கூடாது. எடைச்சீட்டு, பாயிண்ட் சீட்டு இரண்டும் விவசாயி பெயரில், கார்பன் தாளோடு. முன்பணத்துக்கு வட்டி பிடிப்பதை நிறுத்தினேன். முன்பணம் வாங்கினவன் வேறு ஆலைக்குப் போனால் பணத்தைத் திருப்பினால் போதும். என் கணக்குப்பிள்ளை இதைக் கேட்டு, “ஆலையை மடமா மாத்திட்டீங்க” என்றார். மடமானால் எனக்கு ஏன் மலைக் கிழங்கு இரண்டு மடங்கு வந்தது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. குறும்புச் சிரிப்போடு சொல்லிக்கொள்கிறேன், அந்த ஏஜெண்ட் இன்னமும் கொஞ்சம் அடிக்கிறான். எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும்.

மாவுப்பூச்சி வந்தபோது இந்த உறவு கைகொடுத்தது. 2020இல் கேரளத்தில் திருச்சூர் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி அது. அடுத்த வருஷமே சேலம், நாமக்கல், எங்கள் பக்கம் எல்லாம் மரவள்ளிக் குருத்தைச் சுருட்டிக் கொத்துக் கொத்தாக்கிவிட்டது. தென் அமெரிக்கப் பூச்சி. எழுபதுகளில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து கோடிக்கணக்கான பேரின் சாப்பாட்டில் கைவைத்தது. அங்கே அதை அடக்கியது மருந்து இல்லை, அதன் சொந்த ஊரிலிருந்தே தேடிப் பிடித்த ஒரு குளவி. அனகைரஸ் லோபெஸி என்று பெயர். அதைப் பரப்பிய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு ஆராய்ச்சி நிலையம் தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாகத் தோட்டத்தில் விட்டது.

அதற்குள் மலையில் கண்ட மருந்தையும் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர்களுக்கு நல்ல பருவம். குளவி விட வேண்டுமானால் மருந்தை நிறுத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கின மருந்தை நிறுத்திவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத குளவியை நம்பு என்று யார் சொன்னால் கேட்பார்கள்? ஏஜெண்ட் சொன்னான், கேட்டார்கள்.

அந்தக் குப்பியை நானும் திறந்தேன். மூடியைக் கழற்றிச் சுருண்ட குருத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். கொசுவைவிடச் சின்னது. ஒன்று விளிம்பில் ஏறி நின்று மீசையை ஆட்டியது, இலைக்குத் தாவியது, வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிடந்த பூச்சிகள்மேல் தட்டித் தட்டி நடந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து நின்றது. உள்ளே முட்டை வைக்கிறது என்று உடன் வந்தவர் சொன்னார். கொஞ்ச நாள் கழித்துப் போனபோது பூச்சிகளில் பல காய்ந்த கூடாகிக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை. தோட்டக்காரப் பெண் அதைச் சுண்டுவிரலால் தட்டிக் காட்டி, “உள்ளேர்ந்து தின்னுட்டு வந்திருச்சுண்ணா” என்றாள். கம்பெனி மருந்துக்கு இவ்வளவு சுத்தமான வேலை தெரியாது.

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மரவள்ளி மண்ணைக் கிளறி எடுக்கிற பயிர். சரிவில் கிழங்கைப் பிடுங்கினவுடனே ஒரு நல்ல மழை பிடித்தால் செம்மண் கரைந்து கோமுகி அணைக்குப் போகிறது. கல்வரப்புக் கட்டினால் டன்னுக்கு இவ்வளவு கூடக் கொடுக்கிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன். கட்டினவர்கள் பதினோரு பேர். சரிவில் பாதியில் சாமையையே திரும்பப் போடுங்கள் என்று சொன்னால், “வாங்குறது யாரு, நீங்களா?” என்று கேட்கிறார்கள். நான் ஜவ்வரிசி ஆலைக்காரன், சாமையை என்ன செய்வேன்?

களமும் அப்படியே இருக்கிறது. வறுத்த மணியைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி வெயிலில் காயவைக்கிறோம். இருபத்தைந்து பெண்கள் பலகைத் துடுப்பால் தள்ளித் தள்ளிப் புரட்டுகிறார்கள். மேலே வெயில், கீழே அத்தனை வெள்ளை. சாயங்காலம் கண்ணெல்லாம் சிவந்திருக்கும். கருப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், சினிமாக்காரி மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டு முந்தானையையே கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். மழை இருட்டினால் ஊரே ஓடிவந்து கூட்டி அள்ளுகிறது. வெயிலைவிடச் சிக்கனமான எரிபொருள் இல்லை என்று அறிக்கையில் எழுதிவிடலாம். அந்தக் கண்களை அறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவது? உலர்த்தும் இயந்திரம் வாங்கலாம், வாயு மிச்சமும் இருக்கிறது. வாங்கினால் இருபத்தைந்தில் ஐந்து பேருக்குத்தான் வேலை. ஒவ்வொரு வருஷமும் விலைப்பட்டியல் வாங்கி மேஜை இழுப்பில் போடுகிறேன். பெரியப்பாவின் பாட்டிலும் அதே இழுப்பில்தான் இருக்கிறது, காலியாக.

போன பருவத்தின் ஆரம்பத்தில் மலையிலிருந்து ஒரு லோடு வந்தது. கிழங்கோடு ஒரு பெரியவர் இறங்கினார், கையில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். குடிக்கவா என்று கேட்டேன்.

“எங்க ஊத்துத் தண்ணி. இதுல போட்டுப் பாரு.”

பாயிண்ட் பார்க்கிற பையன் என்னைப் பார்த்தான். இவன் புதுப் பையன், கல்லூரி முடித்தவன். “சார், ஒரு நாளைக்கு மூணு தரம் தண்ணி மாத்துறோம் சார்” என்றான், கொஞ்சம் ரோஷமாக. போட்டுப் பார் என்றேன். பிளாஸ்டிக் அண்டா ஒன்றில் கேனைக் கவிழ்த்து, கூடையை இறக்கினோம். பத்தாமல் கூடையின் மேல்விளிம்பு எட்டிப் பார்த்தது. நாலு கிழங்கை எடுத்துவிட்டு, இருந்ததற்கு எடை கட்டி, கணக்கைத் திருத்தி, அதே கிழங்கை எங்கள் தொட்டியிலும் இறக்கினோம். பெரியவர் இரண்டு முறையும் தராசு முள் நிற்கிறவரை மூச்சு விடாமல் பார்த்தார்.

அவர் தண்ணீரில் 27¼. எங்கள் தண்ணீரில் 27.

சீட்டில் 27¼ என்று போடச் சொன்னேன். அவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அண்டாவில் இருந்த தண்ணீரை வாசலில் இருந்த வேப்பங்கன்றுக்கு ஊற்றினார். கேனை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டார். வண்டி போன பிறகு பையனைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னேன். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சேறு.